வாசலை அடைத்த வண்டி

அந்த மோட்டார் சைக்கிளின் நிறம் என்ன என்று இப்போது கேட்டால் சரியாகச் சொல்ல முடியவில்லை. கறுப்பு என்றுதான் நினைவு. மயிலாளைக் கேட்டால் அரக்குச் சிவப்பு என்பாள். வருஷமும் அப்படித்தான். ரேஷன் அரிசிக்கு ஊரே வரிசையில் நின்ற காலம் என்பது மட்டும் நிச்சயம். சொல்லச் சொல்லச் சில இடங்களில் நினைவு பிசகலாம். ஆனால் வாசல் எவ்வளவு அகலம், கதவு எந்தப் பக்கம் திறக்கும், அன்றைக்கு யார் எங்கே நின்றார்கள் என்பதில் அந்தப் பனியன் கம்பெனியில் வேலை பார்த்த ஒருவருக்கும் மறதி கிடையாது.

சலவைப் பட்டறையிலிருந்து வரும் மாட்டு வண்டி, விடியற்காலைச் சங்கு ஊதுவதற்கு முன்பே சந்து முனையில் வந்து நின்றுவிடும். வண்டி நிறைய ஈரத் துணி. வெளுக்கக் கொடுத்த பனியன் துணியைப் பிழிந்தும் பிழியாமலும் மூட்டை கட்டித் திருப்பி அனுப்புவார்கள். மயிலாள் சும்மாட்டைக் கூட்டித் தலையில் வைத்துக்கொண்டு குனிந்து நிற்பாள். மூட்டை ஏறியதும் கழுத்து உள்ளே இறங்குவதுபோல் இருக்கும். சலவைத் தூளின் காரம் மூக்கில் ஏறும். மூட்டையிலிருந்து வழியும் தண்ணீர் பிடரியில் இறங்கி முதுகை நனைத்து, மார்கழிப் பனியோடு சேர்ந்து எலும்பைக் குத்தும். அவள் வேலை கைமடி. தைத்து முடிந்த பனியன்களை மடித்துப் பெட்டியில் அடுக்குவது. துணி இறக்குவது அந்த வேலையில் சேர்த்தியில்லை. ஆனாலும் பெண்கள்தான் இறக்கினார்கள். யார் எப்போது அப்படி வைத்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

கனம்கூடப் பெரிதில்லை. உள்ளே கொண்டுபோவதுதான் பாடு.

கம்பெனிக்கு ஒரே வாசல். ஒரு காலத்தில் பருத்திக் கிட்டங்கியாக இருந்த கட்டடம் அது. சந்தைப் பார்த்து இரட்டைக் கம்பிக்கதவு. கதவைத் தாண்டினால் ஒடுக்கமாக ஒரு நடை. நடையின் இடது பக்கம் முதலாளியின் ஆபீஸ் அறை. நேரே போனால் மெஷின்கள். ஜன்னல்கள் பஞ்சு திருடு போகாமலிருக்க வைத்தவை. கை நுழையும், தலை நுழையாது. இப்போது அந்த நடையில் மோட்டார் சைக்கிள் நின்றது. தலையில் மூட்டையோடு வருகிறவள் சுவரில் முதுகை ஒட்டி, ஒரு பக்கமாகத் திரும்பி, நண்டுபோல நகர வேண்டும். மயிலாளின் கெண்டைக்காலில் கிக்கர் உரசி உரசி ஒரு புண் ஆறாமலே கிடந்தது.

"வண்டி உள்ள வந்தப்பறம்தான் ஆளு உள்ள வரோணும்" என்பது முதலாளி ரத்தினசாமியின் சட்டம். விடியலில் அவர் வண்டியில் வந்து இறங்கி, கதவைத் திறந்து, வண்டியை உள்ளே தள்ளி நிறுத்திய பிறகுதான் ஆட்கள் நுழையலாம். அவர் ஆபீஸில் இருந்தாலும் சரி, வியாபாரிகளின் காரில் வெளியே போனாலும் சரி, கம்பிக்கதவைச் சாத்தி, கதவின் இரண்டு பக்கத்தையும் வண்டியின் முன்சக்கரத்தையும் ஒரே சங்கிலியில் சேர்த்துப் பூட்டிவிடுவார். லாரிக்காரர்கள் லோடு கட்டும் சங்கிலி. உள்ளங்கை அகலத் திண்டுக்கல் பூட்டு. சாவி அவர் அரைஞாண் கயிற்றில்.

அவரையும் சும்மா சொல்லக் கூடாது. ரத்தினசாமி பிறக்கும்போதே முதலாளி இல்லை. வேறொரு கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டி, மெஷினுக்குக் கீழேயே படுத்து எழுந்து, பழைய மெஷின் இரண்டை வாங்கிப் போட்டு மேலே வந்தவர். முதல் மோட்டார் சைக்கிள் வாங்கிய அன்று வண்டிக்கு மாலை போட்டுப் பழனிக்கே ஓட்டிக்கொண்டு போய் வந்தார். அந்த வண்டிதான் காதர்பேட்டைக் கடைவீதியில் காணாமல் போயிற்று. பம்பாய் வியாபாரி ஒருவரோடு பேசிவிட்டுக் கடையை விட்டு வெளியே வந்தால், வண்டி நின்ற இடத்தில் எண்ணெய் சொட்டிய கறை மட்டும் இருந்தது. ஒரு ஆணியைச் சொருகித் திருகினாலே அந்த வண்டி கிளம்பிவிடும் என்று ஒர்க்‌ஷாப்காரன் பிறகு சொன்னான். "இத முன்னாலயே சொல்றதுக்கென்ன?" என்று அவனோடு சண்டைக்குப் போனார். பல்லடம், அவினாசி, காங்கயம் என்று ஒர்க்‌ஷாப் ஒர்க்‌ஷாப்பாக ஏறி இறங்கினார். தெருவில் எந்த வண்டி போனாலும் பேச்சை நிறுத்திவிட்டு அதன் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார். பிறகு மெல்ல, கேட்பதை விட்டுவிட்டு ஆட்களைப் பார்க்க ஆரம்பித்தார். நிட்டிங்கில் இருந்த சென்னிமலை என்ற ஆளுக்கு மட்டும்தான் கம்பெனியில் மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியும். அந்த ஒரு குற்றத்துக்காக அவனை நிறுத்திவிட்டார். நிறுத்தியது மட்டுமில்லை, வேறு கம்பெனிகளிலும் அவனைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவைத்தார்.

இரண்டாவது வண்டி வந்தபோது அதன் அருகில் போகவே எல்லோரும் பயந்தார்கள். ஒருநாள் ஸ்டாண்டு வழுக்கி வண்டி சுவரில் சாய்ந்துவிட்டது. பெட்ரோல் சொட்டியது. ஆட்கள் சுற்றி நின்று பார்த்தார்களே தவிர ஒருவரும் கை வைக்கவில்லை. முதலாளி சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வரும்வரை அது சாய்ந்தே கிடந்தது. "பார்த்தீங்களா, ஒருத்தனும் தொடலை" என்று அதையும் ஒரு பெருமையாகவே அவர் வியாபாரிகளிடம் சொன்னார்.

மெஷின் பழுது பார்க்கும் பிட்டர் கிட்டுசாமி யோசனை சொல்லிப் பார்த்தார். ரத்தினசாமியோடு அந்தக் காலத்தில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர் அவர். "ஆபீஸ் ரூம்புச் செவுத்துல ஒரு வளையம் பதிச்சுத் தர்றனுங்க. வண்டிய அங்க கட்டிப் போடுங்க. உங்க கண்ணு முன்னாலயே நிக்கும்."

"யாவாரிக உக்கார்ற எடத்துல எண்ணெ சொட்டுமப்பா."

"அப்பச் சந்துல நிறுத்துங்க. எதுத்தாப்ல நல்லான் டீக்கடை இருக்குது. அவன் பார்த்துக்குவான்."

"காதர்பேட்டையில நூறு பேரு பார்த்துட்டுத்தான் இருந்தாங்க" என்றார் ரத்தினசாமி. "மனுசன நம்பி ஒருதாட்டிக் கெட்டாச்சு. இனி இரும்பத்தான் நம்புவேன்."

மயிலாளுக்கு அந்தக் கதவு வேறு மாதிரியான வேதனை. அவளுக்குக் கைக்குழந்தை. புருஷன் சாமளாபுரத்தில் தறி ஓட்டப் போய்விட்டு ஞாயிற்றுக்கிழமை வருவான். குழந்தையைப் பக்கத்து வீட்டு நஞ்சம்மாளிடம் விட்டுவிட்டு வருவாள். மத்தியானம் அடுத்த தெருவுக்கு ஓடிப் பால் கொடுத்துவிட்டு ஓடி வர வேண்டும். அந்த நேரம் நெருங்கும்போதே மார்பு கல்லாகக் கனத்து, ரவிக்கை நனையும். மடித்த பனியனில் பட்டுவிடப் போகிறதே என்று முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொள்வாள். ஆபீஸ் அறை வாசலில் போய் நிற்பாள். அவர் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஏனுங் மொதலாளி..."

"என்ன அம்மிணி?"

"கதவு."

"நேத்துத்தான தொறந்து உட்டேன்?"

"நேத்துக் குடிச்சது இன்னைக்கு வரைக்கும் தாங்குமுங்களா?"

உள்ளே சிங்கர் தையல் மெஷின் ஓட்டுகிறவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டேதான் சாவியை எடுப்பார். ஆனால் எடுக்கும்போது ஒரு பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சுதான் அவளுக்குத் தாங்காது. சங்கிலி கம்பியில் உரசிக் கழலும் சத்தம் வீட்டில் குழந்தையின் வாயில் மார்பை வைத்த பிறகும் காதில் இருக்கும். அவர் வெளியே போயிருக்கிற நாட்களில் அதுவும் இல்லை. கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டு சந்தைப் பார்த்தபடி நிற்பாள். எதிர்க்கடையில் நல்லான் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு வேறு பக்கம் பார்ப்பான்.

அப்படி அவர் வெளியே போயிருந்த ஒரு நாளில்தான் அது நடந்தது. கல்கத்தா வியாபாரி காரில் வந்து அவரைக் காதர்பேட்டைக்கு அழைத்துப் போயிருந்தார். போகும்போது வழக்கம்போல வண்டியையும் கதவையும் பூட்டிச் சாவியை அரையில் முடிந்துகொண்டார்.

கூரையடியில் நீளமாக ஷாப்டு என்கிற இரும்புத் தண்டு சுழலும். அதிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு தோல் பெல்ட் இறங்கும். பெல்ட் கழன்றால் மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் மாட்ட வேண்டும். ஆனால் மோட்டாரை நிறுத்தினால் எல்லா மெஷினும் நிற்கும். எல்லோருக்கும் உருப்படிக் கூலி. அதனால் ஓடுகிற ஷாப்டிலேயே கையால் நெட்டி மாட்டிவிடுவார்கள். எல்லோரும் அப்படித்தான் மாட்டினார்கள். நிட்டிங்கில் இருந்த ராசப்பனும் அன்று அப்படித்தான் மாட்டினான். கல்யாணம் பேசிக்கொண்டிருந்த வயசு அவனுக்கு. பெல்ட்டின் தையல் ஓரிடத்தில் பிரிந்திருந்தது. அது அவன் சட்டைக் கையைக் கவ்வியது.

மயிலாள் அந்த அலறலைக் கேட்கவில்லை. மெஷின் சத்தத்தில் அது அமுங்கிவிட்டது. யாரோ மோட்டாரை நிறுத்த, எல்லா மெஷினும் ஓய்ந்து நிற்பதைத்தான் கேட்டாள். பகல் வேளையில் கம்பெனி அப்படி அமைதியானதே இல்லை. திரும்பிப் பார்த்தபோது கிட்டுசாமி ராசப்பனை இடுப்போடு சேர்த்துப் பிடித்திருந்தார். அவன் வலது கை மணிக்கட்டுக்குக் கீழே ரத்தத்தில் உருத்தெரியவில்லை.

கையில் கிடைத்ததை எல்லாம் எடுத்துச் சுற்றினார்கள். காலையில் அவள் தலையில் சுமந்து வந்த வெள்ளைத் துணி. ஒரு சுற்றுச் சுற்றினால் சிவப்பு, இன்னொரு சுற்று, மறுபடியும் சிவப்பு. கையை உயர்த்திப் பிடிக்கச் சொன்னார் கிட்டுசாமி. மயிலாள் தன் தோளில் அவன் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். அப்படியே நடைக்குக் கூட்டி வந்தார்கள். வந்து, நின்றார்கள்.

கதவு பூட்டியிருந்தது.

"நல்லா! ஏ நல்லா! காதர்பேட்டைக்கு ஓடு. மொதலாளியக் கையோட கூட்டியா" என்று எதிர்க்கடையைப் பார்த்துக் கத்தினார் கிட்டுசாமி.

"எந்தக் கடைங்க?"

யாருக்கும் தெரியவில்லை. "தேடு சாமி, தேடு" என்றார் கிட்டுசாமி. நல்லான் கொதிக்கிற பாலை அப்படியே விட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தான்.

ராசப்பனுக்குக் கால் நிற்கவில்லை. உட்கார வைக்க நடையில் இடம் இல்லை. மோட்டார் சைக்கிளின் சீட்டில்தான் சாய்த்து வைக்க வேண்டியிருந்தது. அவன் முகம் வெளுத்துப் போயிருந்தது. உதடு மட்டும் அசைந்தது.

"மயிலக்கா."

"சொல்லு கண்ணு."

"இந்த ஊர்லயே வெசையாப் போற வண்டி மேல சாஞ்சிருக்கறன் பாரு" என்றான். சிரிக்க முயன்றான்போல. யாரும் சிரிக்கவில்லை.

கிட்டுசாமி உள்ளே போய்ச் சம்மட்டியும் உளியும் எடுத்து வந்தார். சங்கிலியின் ஒரு கண்ணியைத் தரையில் வைத்து, அதன்மேல் உளியை நிறுத்தினார். சம்மட்டியை ஓங்கினார்.

"கிட்டு" என்றது ஒரு குரல். கட்டிங் மாஸ்டர் சென்னியப்பன். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து முதலாளியோடு இருப்பவர். அவர் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. "யோசிச்சுச் செய்யப்பா. சங்கிலிய ஒடச்சுட்டு, நாளைக்கு இந்த வண்டிக்கு ஒண்ணுன்னா உன்ற தலையிலதான் விடியும். சென்னிமலைக்கு நடந்தது மறந்து போச்சா? இவியளையும் சேர்த்துத் திருட்டுப் பட்டம் கட்டிருவாங்க. மொதலாளி இப்ப வந்தர்றார். சித்தப் பொறு."

சம்மட்டி மேலேயே நின்றது.

நடை நிறைய ஆட்கள். எல்லோர் கண்ணும் அந்தச் சம்மட்டியின்மேல். 'அடி' என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும். கிட்டுசாமி அதைத்தான் எதிர்பார்த்தாரோ என்னவோ, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மயிலாளின் முகத்தையும் பார்த்தார். அவள் தொண்டை வரைக்கும் அந்தச் சொல் வந்தது. அதே நேரம் வேலையில்லாமல் சந்து சந்தாக அலைந்த சென்னிமலையின் முகமும் வந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ராசப்பனின் கையைச் சுற்றிய துணியிலிருந்து ஒரு சொட்டு அவள் தோளில் விழுந்தது. சூடாக இருந்தது. சம்மட்டி மெல்லக் கீழே இறங்கியது.

எதிர்க்கடையில் பால் பொங்கி அடுப்பில் வழிந்து தீய்ந்த வாசனை வந்தது. அது தீய்ந்து, அடங்கி, அடுப்பும் அணையத் தொடங்கியது. அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

ரத்தினசாமி வந்தார். நல்லானின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, செருப்பு ஒரு காலில் இல்லாமல் வந்தார். அவசரத்தில் சாவி பூட்டுக்குள் போகவில்லை. நல்லான்தான் வாங்கித் திறந்தான். சங்கிலி கழன்று விழுந்ததும் ரத்தினசாமி வண்டியை வெளியே இழுத்தார். ராசப்பனை நடுவில் உட்கார வைத்து, பின்னால் கிட்டுசாமி கட்டிப் பிடித்துக்கொள்ள, அவரே ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனார். பொய் சொல்லக் கூடாது. அவர் முகத்தில் அப்போது இருந்தது வேஷம் இல்லை.

பொழுது சாயக் கிட்டுசாமி நடந்தே திரும்பி வந்தார். சந்து முனையில் எல்லோரும் காத்திருந்தார்கள்.

"மணிக்கட்டோட எடுத்துட்டாங்க" என்றார். "சித்த முன்னாடி வந்திருந்தா ரெண்டு வெரலோட போயிருக்கும்னு டாக்டர் சொன்னாரு."

சென்னியப்பன் கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தார். அவர் எப்போது அங்கிருந்து போனார் என்று யாரும் பார்க்கவில்லை.

மயிலாள் வீட்டுக்குப் போய்க் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாள். ரத்தினசாமியின்மேல் கோபப்பட்டுப் பார்த்தாள். கோபம் வந்தது, ஆனால் அவரோடு அது நிற்கவில்லை. சம்மட்டி கையில் இருந்தது. உளி இருந்தது. கட்டடத்தில் இருந்த அத்தனை பேரும் நின்றிருந்தார்கள். பூட்டியது ஒருவர், பூட்டை மதித்தது எல்லோரும். கட்டியிருந்தது மோட்டார் சைக்கிளைத்தானா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. குழந்தை குடித்து முடித்துத் தூங்கிய பிறகும் அவள் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் விடியலில் மாட்டு வண்டி வந்து நின்றது. ஆட்களும் வந்து நின்றார்கள். மோட்டார் சைக்கிளின் சத்தம் தூரத்திலேயே கேட்டது. ரத்தினசாமி வந்து இறங்கினார். கண் சிவந்திருந்தது, தூங்கியிருக்க மாட்டார். வண்டியின் சீட்டு நன்றாகக் கழுவித் துடைக்கப்பட்டிருந்தது. கதவைத் திறந்தார். யாரையும் பார்க்காமல் வண்டியை உள்ளே தள்ளினார். பழைய இடத்தில் நிறுத்தினார். தரையில் கிடந்த சங்கிலியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினார்.

"என்னத்தப் பார்க்கறீங்க? வாங்க உள்ள. துணிய எறக்குங்க."

சென்னியப்பன் வழக்கம்போல முதலில் உள்ளே போனார். மயிலாள் தலையில் மூட்டையோடு வாசல்படி வரை வந்தாள். நின்றாள். தண்ணீர் அவள் முகத்தில் வழிந்தது.

"ஏம்மிணி நிக்கறே? சொட்டுது பாரு."

"வண்டி வெளிய வரட்டுங்க. அப்பறம் நான் உள்ள வர்றனுங்க."

ரத்தினசாமிக்கு முதலில் காதில் விழுந்தது புரியவில்லை. "என்ன?"

"வண்டி இருந்தா நான் இல்லீங்க. நான் வரோணும்னா வண்டி வெளிய போகோணுமுங்க."

"பேசாமப் பொட்டாட்ட உள்ள வா. காலங்காத்தால..." என்றவர் பின்னால் நின்ற முகங்களைப் பார்த்தார். குரல் மாறியது. "ஏனப்பா, உங்களுக்கெல்லாம் நெஞ்சுல ஈரம் இருக்குதா? இந்த வண்டி இல்லீன்னா ராசப்பன் உசுரோட இருப்பானா? நாந்தான ஓட்டீட்டுப் போய்ச் சேர்த்தேன்? நீயும் பொறகாண்டதான உக்காந்திருந்தே கிட்டு, சொல்லு! வண்டி இருந்துச்சு, அவன் பொழைச்சான்."

அவர் சொன்னது பொய்யில்லை.

"கொண்டு போனது நீங்கதானுங்க. அத ஆரும் இல்லைன்னு சொல்லல" என்றாள் மயிலாள். "அத்தன நேரம் அவனை இங்க நிக்க வெச்சது ஆருங்க?"

"ஓடற ஷாப்டுல பெல்ட்ட மாட்டச் சொன்னது நானா? நானும் மெஷின் ஓட்டுனவன்தான். நானும் அப்பிடித்தான் மாட்டுனேன். என்ற கை இருக்குதா இல்லியா?" இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். சங்கிலி தோளிலிருந்து நழுவியது, பிடித்துக்கொண்டார்.

கிட்டுசாமி முன்னால் வந்தார். "இருக்குதுங்க. நீங்களும் நானும் ஓட்டறப்பக் கதவு தொறந்து கெடந்துச்சுங்க."

"திருட்டுப் போனா ஆரு குடுப்பா? நீ குடுப்பியா? இவ குடுப்பாளா?"

"கைய ஆருங்க குடுப்பா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். யார் என்று தெரியவில்லை. ரத்தினசாமி தேடினார். எல்லா முகமும் ஒன்றுபோல இருந்தது.

"செரி. போறவங்க போங்க. சாமளாபுரத்துல இருந்து நாளைக்கே ஆளு எறக்குறேன். வேலைக்கா ஆளு இல்ல?"

மயிலாள் மூட்டையை இறக்கினாள். ரத்தினசாமி பதறினார். "கீழ போடாத! சலவைத் துணி!"

"துணி மேல எனக்கென்னங்க கோவம்" என்று சொல்லிவிட்டு, திரும்பி நடந்து, மூட்டையை மாட்டு வண்டியிலேயே ஏற்றி வைத்தாள். அவளுக்குப் பின்னால் இருந்த பெண்ணும் ஏற்றினாள். அடுத்தவளும். வண்டிக்காரன், "அட, என்னைய ஏனுங்க இதுல சிக்க வெக்கறீங்க?" என்று முனகினான். ஆனால் மாட்டை ஓட்டிக்கொண்டு போகவில்லை. அவிழ்த்து ஓரமாகக் கட்டிவிட்டுப் பீடி பற்ற வைத்தான்.

மயிலாள் எதிர்ச் சுவரோரம் போய் உட்கார்ந்தாள். கிட்டுசாமி பக்கத்தில் உட்கார்ந்தார். சிங்கர்காரர்கள், நிட்டிங்காரர்கள், கைமடிப் பெண்கள். சந்தின் ஒரு பக்கம் முழுக்க ஆட்களாயிற்று. யாரும் கோஷம் போடவில்லை. போடத் தெரியாது.

ரத்தினசாமி வாசலில் நின்றார். பிறகு உள்ளே திரும்பிக் கூப்பிட்டார். "சென்னியப்பா!"

சென்னியப்பன் வந்தார். விரலெல்லாம் நீலச் சாக்பீஸ் தூள். சுவரில் முதுகை ஒட்டி, வண்டியின் ஹேண்டில் வயிற்றில் இடிக்காமல் பக்கவாட்டில் நகர்ந்து, முதலாளியையும் தாண்டி, படியிறங்கிச் சந்துக்கு வந்தார். எல்லோரும் பார்த்தார்கள். அவர் உட்கார இடம் தேடினார். சாக்கடைப் பக்கம்தான் இடம் இருந்தது, அங்கே போனார்.

"நேத்து அந்தச் சம்மட்டியத் தடுத்தது நானு" என்றார், யாரையும் பார்க்காமல். "அவன் கையி என்னாலதான் போச்சு."

யாரும் இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. பிறகு மயிலாள்தான் பேசினாள்.

"நீங்க வாயத் தொறந்து பயந்தீங்க மாஸ்டர். நாங்க வாய மூடிட்டுப் பயந்தோம். இக்கட்ட, எங்க பக்கம் வந்து உக்காருங்க."

கிட்டுசாமி நகர்ந்து இடம் விட்டார்.

வெயில் ஏறியது. நல்லான் ஒரு தூக்குப் போசி நிறைய டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். அடுத்த கம்பெனி ஆட்கள் டீக்குடிக்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள்.

"என்னங்க, கூலிக்கா உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டான் அவர்களில் ஒருவன்.

"கதவுக்கு" என்றார் கிட்டுசாமி.

"கதவுக்கா?" அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. உள்ளே நின்ற வண்டியையும் சங்கிலியையும் பார்த்தான். "எங்க கம்பெனியிலயும் பூட்டறாங்க. வண்டிகூட இல்ல. சும்மாவே பூட்டறாங்க."

"அப்ப உக்காரு" என்றாள் மயிலாள்.

அவன் டீக் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தான். தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தான். உட்கார்ந்தான். அவனோடு இன்னும் சிலரும்.

அன்று மத்தியானம் மயிலாள் யாரையும் கேட்காமல் எழுந்து வீட்டுக்குப் போய், குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

மோட்டார் சைக்கிள் அந்த வாரம் முழுவதும் நடையிலேயே நின்றது. சாமளாபுரத்திலிருந்து ஆட்களை இறக்கினார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் சமாசாரம் கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார்கள், மீதிப் பேர் உள்ளே போனார்கள். பிறகு தொழிற்சங்கம் வந்து பேச்சுவார்த்தை நடந்து பழைய ஆட்களை எடுத்துக்கொண்டார்கள், மயிலாளையும் கிட்டுசாமியையும் தவிர. பகலில் கதவைப் பூட்டுவதில்லை என்று ரத்தினசாமி வாயால் சொன்னார், எழுதித் தரவில்லை. அவர் இப்போது கார் வைத்திருக்கிறார். மயிலாள் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனியில் கைமடிக்குப் போகிறாள். குழந்தை பள்ளிக்கூடம் போகிறது. கிட்டுசாமி சைக்கிள் கடை வைத்துப் பார்த்து, நட்டப்பட்டு, மறுபடியும் பிட்டர் வேலைக்கே வந்துவிட்டார். சென்னிமலை ஈரோட்டில் லாரி ஓட்டுவதாகச் சொல்கிறார்கள். சென்னியப்பன் போன வருஷம் இறந்துபோனார். ராசப்பனுக்குப் பேசியிருந்த பெண் வீட்டார் ஒதுங்கிக்கொண்டார்கள். அவன் இடது கையால் எழுதப் பழகிச் சங்க ஆபீஸில் இருக்கிறான். அவன் கைக்கான நஷ்ட ஈட்டுக் கேஸ் கோயம்புத்தூரில் இன்னும் முடியவில்லை. வாய்தா நாளில் அவன் தனியாகப் போனதில்லை; அன்றைய கூலியை விட்டுவிட்டு ஒரு பஸ் நிறையப் பழைய ஆட்கள் கூடப் போகிறார்கள்.